தேயும் நரம்பும் தேடும் கருவியும்

ஜுரம் கண்ட குழந்தைக்கு வெப்பமானியை வைத்துப் பார்த்து, "நேற்றைவிட இன்று ஒரு டிகிரி இறங்கியிருக்கிறது" என்று தாயார் மனம் தேறுகிறாள். நீரிழிவுக்காரர் இரத்தப் பரீட்சைச் சீட்டைப் பார்த்துவிட்டு, இலைக்கு முன் உட்காரும்போது கையை அடக்கிக் கொள்கிறார். இரத்தக் கொதிப்புக்கு ஓர் அளவு உண்டு. இருதயத் துடிப்புக்கு ஓர் அளவு உண்டு. வைத்தியத்தில் பாதி மருந்து என்றால், மற்றப் பாதி அளவு என்றே சொல்லலாம். கொடுத்த மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று சாட்சி சொல்வது அளவுதான். அளவு இல்லாத இடத்தில் வைத்தியரும் நோயாளியும் ஒருங்கே இருட்டில் நடக்கிறார்கள்.

அவ்விதம் நெடுங்காலம் இருட்டிலே கிடந்த நோய் ஒன்றைப் பற்றி இவ்வாரம் எழுத எண்ணுகிறோம். இயக்க நரம்பணு நோய் என்று அதற்குப் பெயர். அது உடலுக்குள் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது, எந்த வழியாக நடக்கிறது, எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பவற்றை, உயிருள்ள உடலைப் படம் பிடித்தே அளந்துவிட முடியுமா என்று உலகத்து நரம்பு வைத்திய நிபுணர்கள் பல்லாண்டுகளாக முயன்று வருகிறார்கள். அம்முயற்சி எங்கே வந்து நிற்கிறது, அதிலிருந்து நோயாளியின் குடும்பத்தார் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது நமது கடமை என்று கருதுகிறோம். இத்தெளிவு இல்லாமற் போனால், வீட்டிலுள்ள நகை அடகுக்குப் போகும். ஆனால் நோயாளிக்கு வேண்டிய உதவி வந்து சேராது.

இரண்டு ஓட்டக்காரர்கள்

நாம் ஒரு விரலை அசைக்க நினைத்தால், அந்நினைவு விரலை அடைவதற்கு இரண்டு கட்டமாகப் பிரயாணம் செய்கிறது. மூளையின் மேற்பரப்பில், நடுப்பிளவுக்குச் சற்று முன்னால், பட்டைபோல் அமைந்த பகுதியில் முதல் நரம்பணு இருக்கிறது. அதன் நீண்ட இழை மூளையின் உட்பகுதி வழியாக இறங்கி, முகுளத்தில் பெரும்பாலும் மறுபக்கத்துக்குக் கடந்து, முதுகுத் தண்டுக்குள் செல்லுகிறது. அங்கே இரண்டாவது நரம்பணு செய்தியை வாங்கித் தன் இழை வழியாகத் தசைக்குச் சேர்ப்பிக்கிறது. பாதத்துக்குச் செல்லும் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும். பழைய நாளில் அஞ்சல் ஓட்டக்காரர் இருவர் பாதி வழியில் பையைக் கைமாற்றிக் கொண்டதைப் போன்ற ஏற்பாடு இது.

இந்நோயில் அவ்விரு ஓட்டக்காரர்களும் மடிந்து போகிறார்கள். மேல் நரம்பணு கெட்டால் அங்கம் விறைக்கிறது. கீழ் நரம்பணு கெட்டால் தசை துடித்து, மெலிந்து, சோர்ந்து போகிறது. ஒருவருக்குச் சட்டைப் பித்தானைப் போட விரல் வராமல் தொடங்கும். ஒருவருக்கு நடக்கும்போது பாதம் தரையில் தட்டும். மற்றொருவருக்கு நாக்குக் குழறும். அங்கிருந்து பலவீனம் அண்டை அயலுக்குப் பரவுகிறது. பார்வையும் தொடு உணர்ச்சியும் பெரும்பாலும் கெடுவதில்லை. கண்கள் கடைசி வரையில் அசைந்து கொண்டிருக்கும். முடிவில் மூச்சை இழுக்கும் தசைகள் சோர்ந்து விடுகின்றன.

மேனாட்டுக் கணக்குப்படி, ஆண்டுதோறும் லட்சம் பேரில் ஏறக்குறைய இருவருக்கு இந்நோய் புதிதாக வருகிறது. தொடங்கிய பின் பெரும்பாலோர் இரண்டு முதல் ஐந்து வருஷங்கள் வரையில் ஜீவிக்கிறார்கள். ஆனால் எல்லோர்க்கும் ஒரே கணக்கு இல்லை. அமெரிக்கப் பந்தாட்ட வீரர் லூ கெரிக்குக்கு 1939-ம் வருஷத்தில் நோய் இன்னதென்று தெரிந்தது; 1941-ல் அவர் காலமானார். பௌதிக மேதை ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-ல், இருபத்தொன்றாம் வயதில், இதே நோய் என்று சொன்னார்கள். அவரோ 2018 வரையில் வாழ்ந்து, உலகம் வியக்கும் நூல்களை எழுதினார். இரண்டு வருஷம் ஒரு கோடி. ஐம்பத்தைந்து வருஷம் மற்றொரு கோடி. இவ்விரு கோடிகளுக்கு நடுவே நம் வீட்டு நோயாளி எங்கே நிற்கிறார்? குடும்பத்தார் வைத்தியரைக் கேட்கும் கேள்வி இதுதான். வைத்தியர் நேரான பதில் சொல்ல முடியாமல் தவிக்கும் கேள்வியும் இதுதான்.

ஷார்க்கோ விட்டுச் சென்ற குறை

இந்நோய்க்கு முதன்முதலில் உருவம் கொடுத்தவர் பாரிஸ் நகரத்து ஸால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஜான் மார்த்தான் ஷார்க்கோ. 1869-ல் அவர் தம் ஆராய்ச்சியை வெளியிடத் தொடங்கி, 1874-ல் நோய்க்குப் பெயரும் சூட்டினார். தசை தேய்வதையும் முதுகுத் தண்டின் பக்கங்கள் இறுகிப் போவதையும் சேர்த்துச் சொல்லும் பெயர் அது. நோயாளி உயிரோடு இருக்கும்போது எந்த அங்கம் எவ்வாறு சோர்கிறது என்று நுணுக்கமாகக் குறித்து வைத்துக் கொள்வது, அவர் இறந்தபின் மூளையையும் முதுகுத் தண்டையும் சோதித்து அக்குறிப்புகளோடு ஒப்பிடுவது என்பது ஷார்க்கோவின் முறை. அம்முறை வைத்திய சாஸ்திரத்துக்குப் பேருபகாரம் செய்தது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. ஷார்க்கோவுக்கு விடை கிடைத்தபோது நோயாளி இல்லை.

விடையை நோயாளி இருக்கும்போதே பெற வேண்டும் என்ற ஆசைதான் படக்கருவிகளின் வரலாறு. 1895-ல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்-கிரணங்கள் எலும்பைக் காட்டின. மூளையோ, எலும்புப் பெட்டிக்குள் மறைந்தே இருந்தது. 1971-ல் லண்டனில் ஹௌன்ஸ்பீல்ட் என்பவரின் ஸி.டி. யந்திரம் முதல் நோயாளியின் மூளையைக் குறுக்கே அரிந்தாற்போல் படமெடுத்தது. அதே 1971-ல் நம் நாட்டு விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய துணைவர் ஏ.வி. லக்ஷ்மிநாராயணனும் ஒரு கணித முறையை வெளியிட்டார்கள். பல திசைகளில் எடுத்த நிழல்களிலிருந்து உள்ளுருவத்தைக் கணித்தெடுக்கும் வேலையை மிகவும் எளிதாக்கிய முறை அது. ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக் கழகத்தில் பல்லாண்டுகள் பௌதிகத் துறையை நடத்தியவர். ஸ்கேன் யந்திரங்களின் கணிதத்தில் "ராம்-லாக்" என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. வெளிநாட்டு யந்திரம் என்று நாம் அண்ணாந்து பார்க்கும் பொருளுக்குள் நம்மவர் மூளையின் பங்கும் இருக்கிறது என்பதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஆயினும், இந்நோயின் நரம்பு வழிகளை நுணுக்கமாகப் பார்ப்பதற்கு ஸி.டி. போதவில்லை. அதற்குக் காந்த அதிர்வுப் படம், அதாவது எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டது. 1973-ல் லாட்டர்பர் என்ற அமெரிக்கர் இம்முறையில் முதற்படத்தை வெளியிட்டார். அதற்காக அவரும் ஆங்கிலேயரான மான்ஸ்பீல்டும் 2003-ல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்கள். இதில் எக்ஸ்-கிரணமே இல்லை. உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் பலமான காந்தத்துக்குள் ரேடியோ அலையால் தட்டப்பட்டு எழுப்பும் பதிலை வாங்கி, யந்திரம் படமாக்குகிறது. மூன்று டெஸ்லா யந்திரத்தின் காந்தபலம் பூமியின் காந்தபலத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு.

படத்தின் முதல் வேலை

இந்நோயில் எம்.ஆர்.ஐ. படத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. இரண்டையும் குழப்பிக் கொள்வதிலேதான் சங்கடம் பிறக்கிறது.

முதல் வேலை, இது வேறு நோயல்ல என்று நிச்சயப்படுத்துவது. கழுத்து எலும்பு தேய்ந்து முதுகுத் தண்டை அழுத்தினாலும் கை மெலியும், கால் விறைக்கும். கட்டி ஒன்று அழுத்தினாலும் அவ்வாறு நேரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அப்படியிருக்க, தீராத நோய் என்று முத்திரை குத்திவிட்டு ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய அநியாயம்! ஆகையால், சந்தேகம் எழுந்தவுடன் மூளையையும் கழுத்தையும் படம் பிடித்துப் பார்ப்பது வீண் செலவு அல்ல, அவசியமான செலவு.

இதில் நம் நாட்டு இளைஞர்களுக்குச் சம்பந்தமுள்ள ஒரு விசேஷத்தைக் குறிப்பிட வேண்டும். பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பையன்களில் சிலருக்கு ஒரு கை மாத்திரம், விரலிலிருந்து முன்னங்கை வரையில், மெள்ள மெலிந்து போவது உண்டு. 1959-ல் ஜப்பானில் ஹிராயாமா என்ற வைத்தியர் இதனை விவரித்தார். 1984-ல் பெங்களூரில் கௌரி தேவி முதலிய வைத்தியர்கள், ஓர் அங்கத்தை மட்டும் பற்றும் இத்தகைய மெலிவைப் பற்றி எழுதினார்கள். சில வருஷங்கள் முற்றிய பின் பெரும்பாலும் இது தானே நின்றுவிடுகிறது, உயிரைக் குடிப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், நிமிர்ந்து படுத்தபடி எடுத்த படத்தில் இதன் காரணம் தெளிவாகத் தெரியாமற் போகலாம். கழுத்தை முன்னால் குனிய வைத்து எடுத்தால், முதுகுத் தண்டை மூடியிருக்கும் உறையின் பின்சுவர் முன்னே நகர்ந்து தண்டை நசுக்குவது கண்ணுக்குத் தெரியும். அப்போது கழுத்துப் பட்டை அணிவித்துக் குனியாமல் காக்கலாம். அதே யந்திரம், அதே பையன், அதே கழுத்து. குனிந்ததா நிமிர்ந்ததா என்ற ஒரு வித்தியாசம், ஒரு குடும்பம் இடிந்து போவதா நிம்மதியாகத் தூங்குவதா என்பதைத் தீர்மானிக்கிறது. இளைஞன் ஒருவனின் ஒரு கை மாத்திரம் மெலிந்தால், கழுத்தைக் குனியவைத்துப் படம் எடுக்க வேண்டுமா என்று வைத்தியரைக் கேட்கப் பெற்றோர் கூச வேண்டியதில்லை.

படத்தின் இரண்டாவது வேலை

வேறு நோய் அல்ல, இயக்க நரம்பணு நோயேதான் என்று நிச்சயமாகிவிட்டது என்று வைத்துக் கொள்வோம். இதன் பிறகு நோய் நகர்வதை அளப்பது படத்தின் இரண்டாவது வேலை.

சாதாரணமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. இதற்கு உதவுவதில்லை. இந்நோயாளிகள் பலரின் படம் பார்வைக்கு நல்ல மூளையைப் போலவே இருக்கும். சிலருக்கு நரம்பு வழி சற்று வெளுத்துத் தெரியும். ஆனால் ஆரோக்கியமானவர்களில் சிலருக்கும் அவ்வெளுப்பு உண்டு. சிலருக்கு அசைவைக் கட்டளையிடும் பட்டையில் கறுத்த கோடு ஒன்று தோன்றும். அங்கே இரும்புச் சத்து சேர்ந்ததன் அடையாளம் அது. எனவே ஆராய்ச்சியாளர்கள் கண்ணை நம்பாமல் கணக்கை நம்பத் தொடங்கினார்கள்.

முதற்கணக்கு, மூளையின் மேற்புறப் பட்டையின் கனம். அது சில மில்லிமீட்டர் கனமே உள்ளது. இந்நோயில் அசைவுப் பட்டை மெலிவது நோயாளிகளின் படங்களைத் தொகுத்துப் பார்க்கையில் தெரிகிறது.

இரண்டாவது கணக்கு மிகவும் அழகானது. வாய்க்கால் நீர் கரை உள்ள வரையில் நெடுகச் செல்லும். கரை உடைந்தால் நாலாபக்கமும் பரவும். நரம்பு இழைகளுக்குள் இருக்கும் நீரும் இழையின் நெடுக எளிதாக அசைகிறது. குறுக்கே அசைய உறைகள் தடுக்கின்றன. இழை அழிந்தால் தடை குறைகிறது. 1994-ல் அமெரிக்காவில் பாஸ்ஸரும் அவருடைய கூட்டாளிகளும் நீரின் இந்தத் திசைப்பட்ட அசைவை எம்.ஆர்.ஐ. கொண்டு அளக்கும் கணிதத்தை அமைத்தார்கள். அளவு பூஜ்யத்திலிருந்து ஒன்று வரையில் செல்லும். பூஜ்யம் என்றால் நீர் எத்திசையிலும் சமமாகப் பரவுகிறது. ஒன்றை நெருங்கினால் ஒரே திசையில் செல்லுகிறது. இதனை இந்நோயாளிகளிடம் பிரயோகித்தபோது, மூளையிலிருந்து முதுகுத் தண்டுக்கு இறங்கும் வழியிலும், இரு அரைமூளைகளையும் இணைக்கும் பாலத்தின் நடுப்பகுதியிலும் அளவு தாழ்ந்திருக்கக் கண்டார்கள். 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில் எட்டு நிலையங்களிலிருந்து வந்த 442 படங்களை ஒன்று சேர்த்துக் கணக்கிட்டும் அதே முடிவு உறுதியாயிற்று.

இன்னும் ஓர் அற்புதம் உண்டு. பெரும்பாலான நோயாளிகளின் நரம்பணுக்களில் ஒரு புரதம் இடம் தவறித் திரள்கிறது என்பது 2006-ல் தெரிந்தது. 2013-ல் ஜெர்மானிய நிபுணர் பிராக்கும் அவரைச் சேர்ந்தவர்களும், இறந்தவர்களின் மூளைகளைச் சோதித்து, அத்திரட்சி நான்கு படிகளாகப் பரவுகிறது என்று காட்டினார்கள். அது அசைவுப் பட்டையில் தொடங்கி, மூளையின் முன்பகுதிக்கும், பிறகு நினைவைச் சேமிக்கும் பகுதிக்கும் செல்லுகிறது. அடுத்த ஆண்டே, உயிருள்ள நோயாளிகளின் நரம்பு வழிகளில் நீரின் அசைவை அளந்து, அந்நான்கு படிகளுக்கு இணையான சுவடுகளைக் கண்டார்கள். ஷார்க்கோ மரணத்துக்குப் பின் படித்த புத்தகத்தை, உயிர் இருக்கும்போதே ஓரிரு ஏடுகள் திறந்து பார்க்க முடிந்தது!

மூளைக்கு அப்பாலும் முயற்சி நடக்கிறது. பெட் ஸ்கேன் மூளை எங்கே சர்க்கரையைக் குறைவாகச் செலவழிக்கிறது என்று காட்டுகிறது. நரம்பை இழந்த தசையில் நீர்ச்சத்து மிகுவதையும், நாளடைவில் கொழுப்பு வந்து குடியேறுவதையும் எம்.ஆர்.ஐ. காட்டுகிறது. கருப்பையிலுள்ள சிசுவைப் பார்ப்பதற்குப் பயன்படும் அல்ட்ராசவுண்ட் கருவியைத் தசைமேல் வைத்தால், தோலுக்கு வெளியே தெரியாத துடிப்பும் திரையில் தெரிகிறது. மூச்சை இழுக்கும் உதரவிதானத்தின் கனத்தையும் அசைவையும் அதே கருவியால் பார்க்கலாம். இது விலை குறைந்தது. நோயாளியின் கட்டிலுக்கே கொண்டு வரக் கூடியது. நம்மைப் போன்ற தேசத்துக்கு இதன் பெருமை பெரிது.

படம் சொல்லாதது

இவ்வளவையும் படித்த நேயர், "அப்படியானால் மாதம் ஒரு முறை ஸ்கேன் எடுத்து நோயைக் கண்காணிக்கலாமே?" என்று கேட்கக் கூடும். அங்கேதான் நிதானம் வேண்டும்.

மேலே சொன்ன முடிவுகள் எல்லாம் கூட்டத்தைப் பற்றியவை. நூறு நோயாளிகளின் சராசரியையும் நூறு ஆரோக்கியர்களின் சராசரியையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாக இருக்கிறது. ஆனால் தனி ஒருவரின் எண்ணை எடுத்துக் கொண்டால், அது இரு கூட்டத்துக்கும் பொதுவான இடத்தில் விழக் கூடும். ஊரில் ஆண்கள் சராசரியில் பெண்களைவிட உயரம் என்பது மெய்யே. அதனால் உயரத்தை மட்டும் கேட்டு, வந்தவர் ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடியுமா?

மேலும், யந்திரத்துக்கு யந்திரம் எண் மாறுகிறது. சென்னையில் ஒன்றும் மதுரையில் ஒன்றுமாக எடுத்த இரண்டு படங்களின் அளவுகளை நேருக்கு நேர் வைத்து, நோய் வளர்ந்தது என்றோ நின்றது என்றோ சொல்லலாகாது. மூன்றாவதாக, நோயாளி வைத்தியரிடம் வருவதற்குள்ளேயே மேல் நரம்பு வழி வெகுவாகச் சேதமடைந்திருக்கலாம். அதன் பிறகு அந்த எண் மேற்கொண்டு இறங்குவது சொற்பமே. விறுவிறுவென்று மாறுவது முதுகுத் தண்டும் தசையும். ஆனால் முதுகுத் தண்டோ சுண்டுவிரல் பருமனே உள்ளது. மூச்சோடும் நாடித் துடிப்போடும் சேர்ந்து ஆடுகிறது. அதை அளப்பது ஓடும் இரயிலிலிருந்து ஊசியில் நூல் கோப்பதைப் போன்றது.

எல்லாவற்றிலும் மனத்தை உருக்குவது நான்காவது காரணம். ஸ்கேன் யந்திரத்துக்குள் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். மூச்சுத் தசைகள் சோர்ந்தவர்களுக்கு மல்லாந்து படுத்தாலே மூச்சு முட்டும். எச்சில் தொண்டையில் இறங்கும். நோய் யாரிடம் வேகமாக ஓடுகிறதோ, அவர்களே இரண்டாவது, மூன்றாவது படத்துக்கு வர முடியாமற் போகிறார்கள். எஞ்சி வருகிறவர்கள் மெள்ள நலிகிறவர்கள். ஆகவே, கணக்கிலுள்ள நோய் உண்மையிலுள்ள நோயைவிடச் சாதுவாகத் தோன்றுகிறது. வர இயலாதவர்களின் காலியிடத்தையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளும் ஆராய்ச்சியே நேர்மையான ஆராய்ச்சி.

பின் எதற்காக இத்தனை பாடு?

அளவு இல்லாமற் போனால் மருந்து பிறக்காது, அதற்காகத்தான். புதிய மருந்து ஒன்றைச் சோதிக்கும்போது, இதுவரையில் முக்கியமாக நம்பி வந்தது பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை. பேச்சு, விழுங்குதல், எழுதுதல், நடத்தல், மூச்சு முதலியவற்றுக்குத் தலைக்கு நான்கு மார்க்கு வீதம் மொத்தம் நாற்பத்தெட்டு மார்க்கு. இது உபயோகமானதே. ஆனால் மாதங்கள் பல கழிந்தால்தான் மார்க்கு தெளிவாக இறங்கும். அதற்குள் மருந்தின் நன்மை தீமை தெரியாமல் சோதனை முடிந்துவிடலாம்.

இதற்கு ஓர் உதாரணம் பாருங்கள். நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில், எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் உள்ள குறையால் இந்நோய் வருகிறது. அவர்களுக்காகச் செய்யப்பட்ட டோபெர்ஸன் என்ற மருந்தின் சோதனை முடிவு 2022-ல் வெளியாயிற்று. இருபத்தெட்டு வாரங்களில், பன்னிரண்டு கேள்விப் பட்டியலில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நரம்பு இழை சிதையும்போது இரத்தத்தில் கசியும் ஒரு புரதம் மருந்து பெற்றவர்களிடம் நன்றாகக் குறைந்திருந்தது. அந்த அளவை ஆதாரமாகக் கொண்டே அமெரிக்க அரசாங்கம் 2023 ஏப்ரலில் அம்மருந்துக்குத் துரித அனுமதி அளித்தது. அளக்கும் வழி இல்லாதிருந்தால் மருந்து குப்பைக்குப் போயிருக்கக் கூடும். இது இரத்தப் பரீட்சைதான், படம் அல்ல. ஆயினும் பாடம் ஒன்றே. இரத்தம் எவ்வளவு சேதம் என்று சொல்லும். எந்த இடத்தில் சேதம் என்று சொல்லாது. இடத்தைச் சொல்லப் படமே வேண்டும். குடும்ப வழியாகக் கெட்ட மரபணுவைச் சுமப்பவர்களில், நோய்க் குறி தோன்றுமுன்பே மூளைப் படத்தில் மாறுதல் காணப்படுவதும் உண்டு. வீடு தீப்பற்றுமுன் புகையைக் காணும் வித்தை கைகூடினால், தண்ணீரை எப்போது கொண்டு வருவது என்றும் தெரியும்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

ஆகவே நாம் சொல்ல விரும்புவது இது. நோயை நிச்சயப்படுத்த எடுக்கும் படத்துக்குத் தயங்காமல் செலவு செய்யுங்கள். நிச்சயமான பிறகு, புதிய அறிகுறி எதற்காகவேனும் வைத்தியர் கேட்டாலன்றி, "முன்னேற்றம் பார்க்க" என்று உங்கள் சொந்தப் பணத்தில் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுப்பதால் நோயாளிக்குப் பயன் இல்லை. எண் தெரிந்தாலும் அதனால் சிகிச்சை மாறப் போவதில்லை.

மாறக் கூடிய சிகிச்சைக்கு வேறு அளவுகள் உண்டு, அவை மலிவானவை. மூச்சின் பலத்தைக் குழாயில் ஊதச் சொல்லி அளப்பது ஒன்று. மாதந்தோறும் எடையைப் பார்ப்பது ஒன்று. விழுங்கும்போது புரையேறுகிறதா, இரவில் தூக்கம் கெடுகிறதா, காலையில் தலைவலிக்கிறதா என்று கவனிப்பது ஒன்று. இங்கிலாந்தில் 2006-ல் வெளியான சோதனையில், மூச்சுக்குத் துணைசெய்யும் முகமூடி யந்திரத்தை இரவில் உபயோகித்தவர்களில், தொண்டைத் தசைகள் அதிகம் கெடாதவர்கள் சுமார் இருநூறு நாள் அதிகமாக வாழ்ந்தார்கள். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுஸோல் மருந்து சோதனைகளில் கூட்டிக் கொடுத்ததோ இரண்டு மூன்று மாதம். ஐந்தாவது ஸ்கேனுக்கு வைத்திருக்கும் பணத்தை மூச்சு யந்திரத்துக்கும், சத்துள்ள ஆகாரத்துக்கும், பேச இயலாதவர் கண்ணால் எழுத்தைச் சுட்டிப் பேசும் பலகைக்கும் செலவிடுவதே விவேகம்.

சுதேசி அளவுகோல்

ஆனால் குடும்பம் செலவு செய்ய வேண்டாம் என்றால் தேசமும் செலவு செய்ய வேண்டாம் என்று அர்த்தமல்ல. நம் நாட்டில் இந்நோயின் போக்கே வேறாகத் தோன்றுகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் முப்பது வருஷ காலத்தில் பார்த்த 1153 நோயாளிகளின் விவரத்தை 2008-ல் வெளியிட்டார்கள். மேனாட்டாருக்குப் பெரும்பாலும் அறுபதை ஒட்டி வரும் நோய், இங்கே சராசரியில் நாற்பத்தாறு வயதிலேயே தொடங்கியிருக்கக் கண்டார்கள். ஆனால் நோயாளிகள் அங்கே உள்ளவர்களைவிட நீண்ட காலம் ஜீவித்தார்கள். அதற்கும் முன்னால், 1970-ல், சென்னையின் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி என்ற மூன்று வைத்தியர்கள் இந்நோயின் தனி வகை ஒன்றை விவரித்தார்கள். இள வயதில் தொடங்கும், முகமும் நாக்கும் சோரும், சிலருக்குக் காது மந்தமாகும், மெள்ளவே நகரும். உலகத்து வைத்தியப் புத்தகங்களில் அதற்குச் சென்னையின் பெயரே வழங்குகிறது.

நோயின் வயது வேறு, வேகம் வேறு, வகையும் வேறு என்றால், ஐரோப்பிய மூளைகளைக் கொண்டு வகுத்த அளவுகோலை அப்படியே இங்கே வைத்து அளப்பது எவ்விதம் பொருந்தும்? நாற்பது வயது இந்தியரின் மூளைக்கு ஒப்பிட நாற்பது வயது இந்தியரின் நல்ல மூளைப் படம் வேண்டும். அதற்குப் பல நகரத்து ஆஸ்பத்திரிகள் ஒரே முறையில் படம் எடுத்து, ஒரே இடத்தில் சேர்த்து, ஒரே கணக்கில் பார்க்க வேண்டும். செலவைப் பொதுப் பணம் ஏற்க வேண்டும். வரும் நோயாளிக்குப் பஸ் கட்டணம் முதற்கொண்டு கொடுக்க வேண்டும். இதனால் அவருக்குச் சொந்தத்தில் குணம் இல்லை, பின்னால் வருபவர்க்கே பயன் என்பதை அவர் மொழியில் மறைக்காமல் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். கணிதத்தை 1971-லேயே கொடுத்த நாடு, அளவுகோலுக்கு மட்டும் அயலார் கையை எதிர்பார்ப்பது நமக்கு அழகல்ல.

தாம் நடும் மாமரத்தின் பழத்தைத் தாம் உண்ணப் போவதில்லை என்று தெரிந்தே நட்டவர்கள் நம் முன்னோர்கள். கைகால் சோர்ந்த பிறகும் அந்தச் சுரங்க யந்திரத்துக்குள் மூச்சை அடக்கிப் படுத்துத் தம் நரம்பின் படத்தை உலகத்துக்குக் கொடுக்கும் நோயாளி அவ்வினத்தைச் சேர்ந்தவர். அவரிடம் கட்டணம் வாங்குவது நியாயமல்ல. அவருக்கு நன்றி சொல்வதும், அவர் கொடுத்ததை வீணாக்காமல் காப்பதுமே நியாயம்.